வீட்டில் இருக்கும் பாதரசம்: எதை முதலில் மாற்றுவது?

என் தங்கைக்கு இது ஏழாம் மாதம். போன வாரம் தூத்துக்குடியிலிருந்து போன் செய்தவள், நலம் விசாரித்த கையோடு ஒரு பட்டியலை வாசித்தாள். பரணில் மாமனாரின் பழைய பி.பி. பார்க்கும் பெட்டி. மருந்து டப்பாவில் கண்ணாடித் தெர்மாமீட்டர். மாடிப்படியிலும் குளியலறையிலும் இரண்டு சி.எஃப்.எல். பல்பு. அவளுடைய கடைவாய்ப் பல்லில் கல்லூரி நாளில் வைத்த வெள்ளி அடைப்பு. மூத்தவனுக்கு ஒரு பல் சொத்தை, அதை அடைக்க வேண்டும். நாத்தனார் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த முகப்பூச்சு ஒரு டப்பா. இதெல்லாம் போக, பிரசவம் முடிந்ததும் அம்மா செய்து தரப்போகும் சுறாப்புட்டு.

"எல்லாத்துலயும் பாதரசம் இருக்குங்காங்க. ஒரே மாசத்துல எல்லாத்தையும் மாத்த முடியாதுக்கா. எதை முதல்ல மாத்தட்டும்?"

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுப்பவள். ஆனாலும் போனில் உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டு அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தப் பட்டியல் கொஞ்சம் கூடவோ குறையவோ பல வீடுகளுக்கும் பொருந்தும்.

முதலில் எடையை வைத்து வரிசைப்படுத்திப் பார்த்தேன். மருத்துவமனைகளில் இருந்த பழைய பாதரச பி.பி. கருவி ஒன்றில் ஏறத்தாழ 80 முதல் 100 கிராம் வரை பாதரசம் இருக்கும். தெர்மாமீட்டரில் அரை கிராம், ஒரு கிராம். சி.எஃப்.எல். பல்பில் சில மில்லிகிராம். ஒரு துண்டு மீனில் மைக்ரோகிராம் கணக்குதான், அதாவது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில். இந்த வரிசைப்படி போனால் முதலில் பரணைக் காலி செய்ய வேண்டும், மீனைப் பற்றிக் கடைசியில் யோசித்தால் போதும். ஆனால் வயிற்றுப் பிள்ளையை நினைத்துப் பார்த்தால் இந்த வரிசை கிட்டத்தட்ட தலைகீழாகிவிடுகிறது.

காரணம், பாதரசத்துக்கு மூன்று உருவம். தெர்மாமீட்டரில் உருளும் உலோகப் பாதரசம் முதலாவது. அதைத் தெரியாமல் விழுங்கிவிட்டால் குடல் அதை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை, பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். ஆனால் அதே பாதரசம் ஆவியாகி மூச்சில் போனால் எண்பது சதவீதம் அளவுக்கு நுரையீரல் வழியாக உடம்பில் ஏறும். முகப்பூச்சில் கலப்பது பாதரச உப்பு. அது தோல் வழியாக இறங்கிச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். மீனில் இருப்பது மெத்தில் பாதரசம். குடல் அதில் தொண்ணூற்றைந்து சதவீதத்தை உறிஞ்சிக்கொள்ளும். நஞ்சுக்கொடியைத் தாண்டி, பிள்ளையின் வளரும் மூளைக்கும் போய்ச் சேரும். ஆகவே எவ்வளவு பாதரசம் என்பதோடு எந்த உருவம், எந்த வழி, எத்தனை நாளைக்கு ஒரு முறை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது அவள் பட்டியலில் முகப்பூச்சு முதலிடத்துக்கு வந்துவிட்டது.

அந்த டப்பாவைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மூடியில் ஒரு பெண்ணின் முகம். பின்பக்கம் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற விவரம் ஒரு வரி கூட இல்லை. யார் தயாரித்தது, எந்த ஊர், எதுவுமில்லை. கீழே சின்ன எழுத்தில் தங்கம், வெள்ளி, அலுமினிய நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை. பாதரசம் இருக்கிறதோ என்று சந்தேகிக்க இந்த ஒரு வரியே போதும். பாதரசம் தங்கத்தோடு சேர்ந்து கலவையாகிவிடும், அதனால்தான் அந்த எச்சரிக்கை. விவரம் அச்சிட்ட டப்பாவாக இருந்தால் கலோமெல், மெர்குரஸ் குளோரைடு, அமோனியேட்டட் மெர்குரி, மெர்குரிக் அயோடைடு என்ற பெயர்களில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கே அளவும் சின்னதல்ல. இப்படிப்பட்ட பூச்சுகளில் பாதரச உப்பு 1 முதல் 10 சதவீதம் வரை இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குறைந்தபட்ச 1 சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிராம் பூசினால் 10 மில்லிகிராம் உப்பு, அதில் 8 மில்லிகிராம் போலப் பாதரசம் முகத்தில். இரண்டு சி.எஃப்.எல். பல்பை உடைத்தால் வருவது அவ்வளவுதான். அதைத் தினமும் இரவில், ஆவி மூக்குக்கு நேராக ஏறும் இடத்தில் பூசிக்கொண்டு, தலையணையில் தேய்த்து, பிள்ளையைக் கன்னத்தோடு அணைத்துக்கொள்கிறோம். பூசாத பிள்ளைகளுக்கும் துண்டு, தலையணை உறை வழியாகப் பாதரசம் ஏறியதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு அந்த நோயின் ஓர் அரிய வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள்.

இங்கே இரண்டு வழியை ஒப்பிட்டு முடிவெடுக்கும் வேலையே இல்லை. நிறுத்துவதற்குக் காசு செலவில்லை, இழப்பும் ஒன்றுமில்லை. நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தங்கை தயங்கினாள். அவரும் பூசுகிறார் என்பதால் அவருக்கும் சொல்லியே ஆக வேண்டும், அவருடைய சிறுநீரகத்தையும் ஒரு முறை பரிசோதித்துவிடட்டும் என்றேன். மாதக்கணக்கில் பூசியவர்கள் மருத்துவரிடம் அந்த டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டி, சிறுநீரில் பாதரச அளவைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

அடுத்தது மீன். இதுதான் எனக்கு மனசுக்கு நெருக்கமானதும் கடினமானதும். எங்கள் வீட்டில் மீன் இல்லாத வாரம் கிடையாது. அம்மாவுக்குப் பிரசவ வீடு என்றாலே சுறாப்புட்டுதான். வெந்த சுறாவைத் தோலுரித்து, முள் எடுத்து, மஞ்சள் போட்டுப் பிழிந்து உதிர்த்து, சின்ன வெங்காயம், பூண்டு நிறையப் போட்டு வதக்கித் தருவாள். நான் மூத்தவனைப் பெற்றபோது ஒரு மாதம் வாரத்துக்கு மூன்று நாள் சாப்பிட்டேன். பால் ஊறும் என்பது நம்பிக்கை.

காற்றில் கலந்த பாதரசம் மழையோடு கடலில் இறங்குகிறது. சேற்றிலும் நீரிலும் உள்ள நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. பாசியை நெத்திலி தின்ன, நெத்திலியைச் சூரை தின்ன, அதைச் சுறா தின்னும். ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறும். வெகு நாள் உயிரோடு இருக்கும் பெரிய மீனில் அதிகம் சேரும். அது தசையில் புரதத்தோடு ஒட்டியிருப்பதால் தோலை உரித்தாலும், குடலை எடுத்தாலும், புளி விட்டுக் கொதிக்க வைத்தாலும் போகாது.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அங்கே விற்கும் மீன்களை ஆண்டுக்கணக்கில் சோதித்து வைத்திருக்கிறது. சுறாவின் சராசரி கிலோவுக்கு 0.979 மில்லிகிராம். மத்திக்கு, எங்கள் ஊர் வழக்கில் சாளைக்கு, 0.013. அந்த நாட்டின் சுற்றுச்சூழல் துறை வைத்திருக்கும் பாதுகாப்பு அளவின்படி 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரத்துக்கு 42 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம்தான் கணக்கு. இருநூறு கிராம் சுறா சாப்பிட்டால் 196 மைக்ரோகிராம், நாலரை வாரத்துக்கு மேலான கணக்கு ஒரே நாளில். அதே இருநூறு கிராம் சாளையில் மூன்று மைக்ரோகிராம் கூட வராது. இவை நம் கடலில் பிடித்தவை அல்ல என்றாலும், எந்தக் கடலிலும் சுறா மேல்படியில்தான் இருக்கிறது, சாளை கீழ்ப்படியில்தான்.

அம்மா இதை லேசில் விடவில்லை. "பச்ச ஒடம்புக்காரிக்கு பால்சுறா குடுக்காம வேற என்னத்தக் குடுக்க? நான் வாங்குறது சின்னதுதான் ளா." அவள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பால்சுறா சின்ன இனம், பெருஞ்சுறா அளவுக்கு அதில் சேர்ந்திருக்காது. ஆனால் சந்தையில் துண்டு போட்டு விற்கும்போது எந்தச் சுறாவின் துண்டு என்று யார் சொல்வது? தாய்ப்பாலில் இறங்கும் மெத்தில் பாதரசம், கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி வழியாகப் போவதைவிடக் குறைவு என்பதும் உண்மை. அதையும் மறைக்காமல் அம்மாவிடம் சொன்னேன். அப்புறம் அவளையே ஒன்று கேட்டேன்: நீ பிள்ளை பெற்றபோது பாட்டி உனக்கு என்ன கொடுத்தாள்? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "காரல் அவிச்சுத் தந்தா" என்றாள். காரலும் பால் ஊற என்று நம் கடற்கரையில் காலங்காலமாகக் கொடுப்பதுதான். உள்ளங்கை அகல மீன், சங்கிலியில் கீழ்ப்படி, விலையும் மலிவு. மிளகும் பூண்டும் தட்டிப் போட்ட காரல் சொதியா, சுறாப்புட்டா என்று வந்தால் நான் யோசிக்காமல் காரலைச் சொல்வேன்.

வஞ்சிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் வஞ்சிரம், எங்களுக்குச் சீலா, குமரியில் நெய்மீன், யாழ்ப்பாணத்தில் அறக்குளா. அமெரிக்கப் பட்டியலில் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டிய மீன்களில் கிங் மேக்கரல் என்று ஒன்று உண்டு. இங்கே நாம் வாங்குவது அதே மீன் அல்ல, அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு மீன். அதனால் அந்த எச்சரிக்கையை அப்படியே இதற்கு ஒட்ட முடியாது. ஆனாலும் இதுவும் மற்ற மீனைத் தின்று வளரும் மீன்தான். கர்ப்பிணிக்குப் பெரிய வஞ்சிரத்தை வாரா வாரம் வாங்க வேண்டாம், எப்போதாவது ஒரு துண்டு போதும் என்பது என் முடிவு. சூரையில் சின்னது பரவாயில்லை, பெரிதாக வளரும் சூரை இனமான கேரை வேண்டாம். பெரிய வேட்டை மீனான மயில்மீன் வேண்டவே வேண்டாம்.

பயந்துபோய் மீனையே நிறுத்துவதுதான் இந்த விஷயத்தில் பெரிய தவறு. வடக்கு அட்லாண்டிக்கில் ஃபாரோ தீவுகளில் பைலட் திமிங்கலக் கறி சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு நினைவாற்றலிலும் மொழியிலும் லேசான பின்னடைவைக் கண்டார்கள். நம் இந்தியப் பெருங்கடலின் சீஷெல்ஸ் தீவுகளில் தாய்மார் ஏறக்குறைய தினமும் மீன் சாப்பிடுகிறவர்கள். அங்கே பிள்ளைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தும் அப்படிப்பட்ட தெளிவான பாதிப்பைக் காணவில்லை. மீனில் உள்ள நல்ல கொழுப்பும் அயோடினும் அதே மூளைக்குத்தான் தேவை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாளை, நெத்திலி, காரல், அயிலை, இறால் என்று சாப்பிடட்டும். பிள்ளை பெறத் திட்டமிடுகிறவர்கள் சில மாதம் முன்பே பெரிய மீனை விட்டுவிட்டால் இன்னும் நல்லது. உடம்பில் ஏறிய மெத்தில் பாதரசம் பாதியாகக் குறையவே ஐம்பது நாள் போல ஆகும்.

சரி, தெர்மாமீட்டர். போன வருடம் மகனுக்குக் காய்ச்சல். பாதரசத்தைக் கீழே இறக்க உதறினேன், கட்டில் விளிம்பில் பட்டுச் சிதறியது. வேதியியல் டீச்சர்தான், ஆனாலும் கை முதலில் துடைப்பத்துக்குத்தான் போனது. பாதி வழியில் நினைவு வந்து நின்றேன். துடைப்பத்தால் கூட்டினால் ஒரு குண்டு நூறு குண்டாகும், ஆவியாகும் பரப்பும் அத்தனை மடங்கு கூடும். வேக்குவம் கிளீனர் போட்டால் ஆவியை அறை முழுக்க ஊதிவிடும். பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன். ஜன்னலைத் திறந்து, அறைக் கதவைச் சாத்தினேன். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கிழித்து, ஒரு பாதியால் தள்ளி மறு பாதியில் ஏந்தினேன். விளக்கை அணைத்துவிட்டு, போன் வெளிச்சத்தைத் தரையோடு தரையாக அடித்தால் மொசைக் இடுக்கில் கிடக்கும் பொடிக் குண்டுகள் பளிச்சென்று தெரியும். கடைசிப் பொடிகளை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்து, எல்லாவற்றையும் இறுக்கமான மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் அடைத்தேன். தங்க வளையலைக் கழற்ற மறந்துவிட்டேன். அதில் இன்னும் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது. பட்டறையில் கொடுத்தால் சூடு காட்டி எடுத்துவிடுவார்கள். ஆனால் சூடு காட்டினால் பாதரச ஆவி ஆசாரியின் மூக்கில்தான் ஏறும். அதனால் கொடுக்கவில்லை.

உடையாதவரை கண்ணாடித் தெர்மாமீட்டரால் ஆபத்தில்லை. ஆனால் அது உடைவது பெரும்பாலும் காய்ச்சல் பிள்ளை இருக்கும் அறையில்தான். மாற்று என்று பார்த்தால் மூன்று. கடையில் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வீட்டுக்குப் போதும். அக்குளில் வைத்து, சத்தம் வரும்வரை கையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதன் பொத்தான் பேட்டரி மூடியை மட்டும் கவனியுங்கள். சின்னப் பிள்ளை அந்தப் பேட்டரியை விழுங்கினால் அது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம். நெற்றிக்கு நேரே காட்டும் கருவி தூங்கும் பிள்ளைக்கு வசதி. ஆனால் வியர்வை, மின்விசிறிக் காற்று எல்லாம் கணக்கை மாற்றும், விலையும் அதிகம். காலியம், இண்டியம், வெள்ளீயம் கலந்த திரவம் அடைத்த கண்ணாடித் தெர்மாமீட்டரும் உண்டு. பாதரசம் மாதிரியே வெள்ளியாகத்தான் தெரியும், ஆனால் உதறி இறக்குவது சிரமம். என் ஓட்டு டிஜிட்டலுக்கு.

தெர்மாமீட்டர் என்றால் கொடைக்கானலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் மூடிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையை 1980களில் கொடைக்கானலில் கொண்டுவந்து வைத்தார்கள். 2001இல் அந்த ஊரின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவைக் கண்டுபிடித்து ஊர்க்காரர்கள் போராடிய பிறகுதான் அப்போதைய இந்துஸ்தான் லீவர் அதை மூடியது. 2003இல் 290 டன் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு 2016இல்தான் உடன்பாடு வந்தது. மலைச்சரிவு மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்ற சண்டை அதன் பிறகும் ஓயவில்லை. வீட்டில் உடைந்த ஒரு கிராமைப் பொறுக்கவே எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

பரணில் உள்ள பி.பி. கருவி நூறு தெர்மாமீட்டருக்குச் சமம் என்பதால் அதைத் தொட்டு இறக்குவதுதான் ஆபத்தான வேலை. தங்கை ஏறக்கூடாது. கணவர் அதை நிமிர்ந்த நிலையிலேயே இறக்கி, கெட்டியான பிளாஸ்டிக் வாளியில் வைத்து மூடட்டும். பழைய இரும்புக்காரரிடம் போடக்கூடாது. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே உடைந்த தெர்மாமீட்டரையும் சி.எஃப்.எல்.லையும் வீட்டு அபாயக் கழிவு என்று சொல்லின, அவற்றை வாங்க உள்ளாட்சிகள் மையம் வைக்க வேண்டும் என்றும் சொல்லின. நடைமுறையில் மாநகராட்சி அலுவலகத்துக்கு இரண்டு மூன்று தடவை நடக்க வேண்டியிருக்கும், நடக்கத்தான் வேண்டும். கேட்கிறவர்கள் கூடினால்தான் மையம் திறக்கும்.

பல்புக்கு அவசரமில்லை. ஃபியூஸ் போகும்போது எல்.இ.டி. போட்டால் போதும், அதில் பாதரசம் கிடையாது. சி.எஃப்.எல். உடைந்தால் கால் மணி நேரம் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பல் விஷயத்தில் பலரும் செய்யும் அவசரத்தைத் தங்கையும் செய்யப் பார்த்தாள். வெள்ளி அடைப்பில் பாதிக்குப் பாதி பாதரசம் என்று படித்ததும் அதைப் பெயர்த்து எடுத்துவிடலாமா என்று கேட்டாள். கூடவே கூடாது. நன்றாக இருக்கும் பழைய அடைப்பிலிருந்து வருவது மிகக் கொஞ்சம். அதைக் குடையும்போதுதான் ஆவி குபுகுபுவென்று வரும். கர்ப்பத்தில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. புதிதாக அடைப்பதென்றால் கதை வேறு. பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள் ஆகியோருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2018லேயே வெள்ளி அடைப்பைத் தடுத்தது, 2025 முதல் எல்லோருக்கும். ஆகவே மூத்தவனின் பால்பல்லுக்குப் பாதரசம் இல்லாத கிளாஸ் அயனோமர் அடைப்பை வைக்கச் சொன்னேன். அது வெள்ளி அளவுக்குத் தேய்மானம் தாங்காதுதான், ஆனால் விழப்போகும் பல்லுக்கு அது போதும். பெரியவர்களின் கடைவாய்ப் பல்லுக்குப் பல் நிறக் கலவை அடைப்பு சரி, செலவு கூடும்.

பட்டியலில் இல்லாத ஒன்றையும் அவளிடம் கேட்டேன். அத்தை வீட்டில் யாராவது பாதரசத்தில் செய்த ரசமணி கட்டியிருக்கிறார்களா, பாதரசம் சேர்ந்த சித்த மருந்து ஏதாவது சாப்பிடுகிறார்களா என்று. முறையாகப் படித்த சித்த மருத்துவர் தருவது ஒரு பக்கம். தெருவில் வாங்கிய மணியையும், பெயர் தெரியாத செந்தூர மருந்தையும் கர்ப்பிணியும் பிள்ளையும் இருக்கும் வீட்டில் வைக்க வேண்டாம்.

இவ்வளவு செய்தாலும் சுறாவுக்குள் பாதரசம் ஏறுவது நிற்காது. உலகில் மனிதர்கள் காற்றில் விடும் பாதரசத்தில் பெரிய பங்கு சிறு தங்கச் சுரங்கங்களுடையது, அடுத்த பங்கு நிலக்கரி எரிப்பதால் வருவது. தங்கை வீட்டு மொட்டை மாடியிலிருந்தே அனல்மின் நிலையப் புகைபோக்கி தெரியும். அதற்கு வடிகட்டி போடுவதும், வந்து விழுவதை அளந்து ஊருக்குச் சொல்வதும் அவள் சமையலறையில் தீர்கிற காரியம் அல்ல. பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா ஒப்பந்தத்தை 2018இல் ஏற்ற நாடு இந்தியா, அதை வைத்து நாம் கேட்கலாம். வார்டு கூட்டம் வந்தால் அபாயக் கழிவு மையத்தோடு இதையும் சேர்த்துக் கேள் என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று அவள் மறுபடி பேசினாள். முகப்பூச்சு டப்பா பாலிதீனில் சுற்றி, தெர்மாமீட்டரோடு வாளிக்குள் போய்விட்டது. டிஜிட்டல் வாங்கியாயிற்று. நாத்தனார் முதலில் முகம் சுளித்தாராம். அப்புறம் அவரே வந்து எந்த ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும் என்று கேட்டாராம். அம்மா மட்டும் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் காலையில் மீன்காரம்மாவிடம், அடுத்த மாதம் காரல் நல்லதாக வந்தால் முதலில் எங்கள் வீட்டுக்குக் கொண்டு வா என்று சொல்லி வைத்திருக்கிறாள்.